கீசருக்கு எந்தத் தண்ணீர்? சேலத்து வீட்டுக்கு ஓர் ஒப்பீடு

மெக்கானிக் கீசரைக் கழற்றிக் காயிலை வெளியே இழுத்தபோது அது காயில் போலவே இல்லை. விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு கட்டி, சேப்பங்கிழங்கு மாதிரி உருண்டு திரண்டிருந்தது. பழைய செய்தித்தாளில் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். ஓடு சில்லுசில்லாகப் பெயர்ந்தது. உள்ளே குழாய் ஓரிடத்தில் வெடித்துக் கறுத்துக் கிடந்தது. தொட்டியின் அடியில் கையை விட்டு அள்ளினால், நனைந்த கோலமாவு போல இரண்டு கைப்பிடி வந்தது. ஒரு சில்லைக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சுர்ரென்று நுரைத்துக் கரைந்தது.

இரண்டு வருஷத்தில் இது இரண்டாவது காயில். "இந்த ஏரியாவே இப்படித்தாங்க, சாஃப்ட்னர் வச்சிருங்க" என்றார் மெக்கானிக். ஓடு கட்டும் உப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் மெஷின் அது. விசாரித்ததில் வீடு முழுவதற்குமான சாஃப்ட்னருக்கு 48,000 ரூபாய் சொன்னார்கள். மச்சான், குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்றார். பக்கத்து வீட்டு அக்கா மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எலுமிச்சை உப்புப் போட்டுக் கழுவுகிறாராம். இன்னொருவர் ஆர்.ஓ. தண்ணீரையே எல்லாவற்றுக்கும் விடச் சொன்னார். ஆளாளுக்கு ஒன்று சொல்லும்போது எதையாவது வாங்கி மாட்டிவிடத் தோன்றும். நான் வாங்காமல், முதலில் தண்ணீரை அளந்தேன். இதே குழப்பத்தில் சேலத்தில் நிறைய வீடுகள் இருப்பதால், ஒவ்வொரு வழியையும் ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜாகீர் அம்மாபாளையம் பக்கம். மாடியில் நின்றால் மாமாங்கம் பக்கத்து வெள்ளை மேடுகள் தெரியும். வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்துவிட்டுப் போனார்கள். அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். மெக்னீசியம் கார்பனேட் என்ற தாது. கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடும். ரயில் நிலையத்துக்கே 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று பேர் இருக்கிற ஊர் இது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையில் இருக்கும் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொள்கிறது. எத்தனை காலம் பாறை இடுக்கில் கிடக்கிறதோ அத்தனைக்குக் கரைசல் கூடும். அதனால்தான் ஆழமாகப் போட்ட போரில் பெரும்பாலும் உப்பு கூடுதலாக வருகிறது. தெருவுக்குத் தெரு பாறை மாறுவதால், அடுத்த வீட்டு போர் நன்றாக இருந்து நம் போர் மோசமாக இருப்பதும் உண்டு.

ஏற்காட்டில் என் சித்தி வீட்டில் பத்து வருஷமாக ஒரே கெட்டில்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் எவர்சில்வர் பளபளவென்று தெரியும். அங்கே சுனைத் தண்ணீர். சேர்வராயன் மலையின் பாறை வேறு வகை, சார்னோகைட். மழை பெய்து, கொஞ்ச தூரம் மண்ணில் ஊறி, உடனே சுனையாக வெளியே வந்துவிடுகிறது. கரைத்துக்கொள்ள நேரமும் இல்லை, கரையும் பொருளும் அதிகம் இல்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். சேலத்தில் பெரும்பாலான சொந்த வீடுகளுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று கார்ப்பரேஷன் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர். 1934இல் கட்டி முடித்த அணையிலிருந்து வரும் காவிரி அது. ஆற்றில் ஓடி வருவதால் பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. இன்னொன்று நம் போர். குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் வருகிறது என்பதால் சம்பில் பிடித்து வைக்கிறோம். பற்றாக்குறைக்கு போரையும் அதே சம்பில் விடுகிறோம். பிறகு ஒரே மோட்டார், ஒரே மேல் தொட்டி, ஒரே பைப். எங்கள் வீட்டிலும் இருபது வருஷமாக இப்படித்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். அதைச் சோதிக்கும் சிறிய கிட் ஒன்று வாங்கினேன். சோதனைக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, அதில் ஒரு சிட்டிகை பொடியைப் போட்டால் தண்ணீர் நாவல்பழச் சிவப்பாக மாறும். பிறகு குப்பியிலிருந்து ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். ஒரு துளியில் சட்டென்று நீலமாகும். அந்தத் துளி வரைக்கும் உள்ள எண்ணிக்கைதான் கணக்கு. என்னுடைய கிட்டில் ஒரு துளிக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம். நேராகக் குழாயில் பிடித்த மேட்டூர் தண்ணீர் ஆறாவது துளியில் நீலமானது. 150. போர்த் தண்ணீருக்கு விட்டுக்கொண்டே இருந்தேன். இருபத்தெட்டாவது துளியில்தான் நிறம் மாறியது. 700. மேல் தொட்டியில் இருந்த கலவை பதினெட்டு துளி, அதாவது 450.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் போர் அந்த 600ஐயும் தாண்டியது. மேட்டூர் தண்ணீரோ 200க்குள்ளேயே நிற்கிறது. ஆகக் குழாய்த் தண்ணீர்மேல் பழியே இல்லை. நல்ல தண்ணீரைப் பிடித்து, அதில் நாமே உப்புத் தண்ணீரைக் கலந்து, அந்தக் கலவையைக் கீசருக்கு அனுப்பி, பிறகு அதைச் சரிசெய்ய 48,000 ரூபாய்க்கு மெஷின் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இத்தனை வருஷமும் அம்மா அடுப்படியில் ஒரு குடம் மேட்டூர் தண்ணீரைத் தனியாக மூடி வைத்திருப்பார். "போர்த் தண்ணியில பருப்பு வேகாதுப்பா, முழிச்சிக்கிட்டு நிக்கும்" என்பார். அது உண்மை. கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினோடு ஒட்டி அதை இறுக்கிவிடுகின்றன. பருப்புக்கு எந்தத் தண்ணீர் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கீசருக்கும் அதே கேள்வியைக் கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை.

அளப்பது பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் ஒரு எண் சொல்லும். சமையல் உப்பைக் கரைத்தாலும் எண் ஏறும், ஆனால் அதனால் கீசரில் ஓடு கட்டாது. இரண்டாவது, தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்து, 'பாருங்க உங்க தண்ணியில எவ்வளவு அழுக்கு' என்று காட்டுகிறார்களே, அது. அந்தக் காவி நிறச் சகதி தண்ணீரிலிருந்து வருவது இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வருவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் காவியாகும்.

கிட் வாங்க முடியாதவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று தனித்தனியாக வரும். வீட்டிலேயே சும்மா ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பாட்டில் போதும். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் போர். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்று நுரைக்கும். இன்னொன்று தயிர் திரிந்த மாதிரி திரிதிரியாக மிதக்கும்.

வீட்டுச் சாமான்களில் அடி வாங்குவது எது என்று பார்த்தால், சூடாகும் சாமான்கள்தான். குளிர்ந்த தண்ணீரில் கரைந்தே இருக்கும் பைகார்பனேட், சூடேறும்போது பிரிந்து கரியமில வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட்டாகக் கெட்டியாகப் படிகிறது. மெக்னீசியம் மிகச் சூடான இடத்தில் ஹைட்ராக்சைடாக மாவு போலப் படிகிறது. கீசரில் அடியில் கிடந்தது பெரும்பாலும் இந்தக் கலவை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 60 லிட்டர் வெந்நீர், அதில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் படியக்கூடிய உப்பு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 24 கிராம் உள்ளே போய் வெளியே வருகிறது. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் தங்கினாலும் வருஷத்துக்கு 400 கிராமுக்கு மேல்.

இதனால் கரண்ட் பில் ஏறும் என்பார்கள். காயில் வைத்த கீசரில் அது பெரிய அளவில் உண்மையில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. அதன் சூடு போவதற்குத் தண்ணீரை விட்டால் வேறு இடம் கிடையாது. ஓடு கட்டினாலும் சூடு தாமதமாகத் தண்ணீருக்குத்தான் போகிறது. ஆனால் அந்த ஓடு செம்பு கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட வெப்பத்தைக் கடத்தாது. அதனால் ஓட்டுக்குள் காயில் தாங்க முடியாமல் காய்ந்து, ஒரு நாள் வெடிக்கிறது. கீசர் கொரகொரவென்று இரைகிறதா? ஓட்டுக்கு அடியில் நீராவிக் குமிழி வெடிக்கும் சத்தம் அது. காயில் போவதற்கு முன் கிடைக்கிற எச்சரிக்கை. வெளியிலிருந்து சூடு உள்ளே போக வேண்டிய கேஸ் கீசரிலும், மாடியில் வைக்கும் சோலாரிலும் கதை வேறு. அங்கே ஓடு கட்டினால் எரிவாயுவும் வெயிலும் நேரடியாக வீணாகும். போர்த் தண்ணீரை நேரே ஏற்றும் சோலாரில் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்தே போய்விடும். அதனால் உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள சோலார்தான் சரி, அதாவது வீட்டுத் தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் போகாமல் தனியாகச் சூடாகும் வகை.

வாஷிங் மெஷினில் பாதிப்பு இரண்டு வகை. முன்பக்கம் திறக்கும் மெஷினில் ஹீட்டர் இருக்கும், அதற்கும் கீசர் காயிலின் கதிதான். ஹீட்டர் இல்லாத மேலே திறக்கும் மெஷினில் இயந்திரம் பெரும்பாலும் தப்பிக்கிறது; துணிதான் அடி வாங்குகிறது. வெள்ளைச் சட்டை சாம்பல் பூக்கும், துண்டு அப்பளம் மாதிரி விறைக்கும், பவுடர் கூடுதலாகச் செலவாகும். மற்றபடி ஷவர் கண் அடைப்பது, குழாய் முனைச் சல்லடை அடைப்பது, கூலர் பேடு கல்லாவது, ஸ்டீம் அயர்ன் வெள்ளைத் துணியில் துப்புவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இனி வழிகளைப் பார்க்கலாம். காந்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குழாய்க்கு வெளியே மாட்டும் காந்தமோ மின்னணுச் சுருளோ தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் துளி எண்ணினால் ஒரே எண்தான் வரும். 'எடுக்காது, ஆனா ஒட்டாம பாத்துக்கும்' என்பது விற்பவர்களின் வாதம். ஆய்வுகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. 700 உள்ள தண்ணீருக்கு இதை நம்பிப் பணம் போட மாட்டேன்.

ஆர்.ஓ. குடிக்கத்தான், வீட்டுக்கு இல்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். மேட்டூர் தண்ணீருக்கு அது தேவையா என்பதே கேள்வி. டி.டி.எஸ். 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வாஷிங் மெஷினில் ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் திரண்டு சேர்ந்த தண்ணீர் அது. கழிப்பறைக்கு ஊற்றலாம்.

பாஸ்பேட் குப்பி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வாஷிங் மெஷின் குழாய்க்கும் கீசர் குழாய்க்கும் முன்னால் மாட்டுவது. உள்ளே கண்ணாடி உருண்டை போன்ற பாலிபாஸ்பேட் மெதுவாகக் கரைந்து, உப்பு கல்லாகச் சேர்வதைத் தடுக்கும். விலை குறைவு, மாட்டுவது சுலபம். வாடகை வீட்டுக்காரர்கள் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். நடுத்தரமான தண்ணீருக்கு நன்றாகவே வேலை செய்யும். மிகக் கடினமான தண்ணீரிலும், அதிகச் சூட்டிலும் இதன் பலம் குறைந்துவிடும். உருண்டை கரைந்து தீர்ந்த பிறகும் குப்பி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் நாம் மறந்துவிடுவோம். குடிக்கும் குழாய்க்கு இதை மாட்ட வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், எளிமையானது, மலிவு. எந்த வழியை எடுத்தாலும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான். லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை கலந்து, கெட்டிலில் ஊற்றிச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டால் ஓடு கரைந்துவிடும். ஷவர் முனையைக் கழற்றி ஒரு ராத்திரி ஊறப் போடலாம். வாஷிங் மெஷினில் துணி போடாமல், 100 கிராம் அளவுக்குப் போட்டு வெந்நீர் சுற்று விட்டு, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு சுற்று அலசலாம். ஆனால் கீசருக்கு இது அவ்வளவு சுலபம் இல்லை. மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, காயிலைக் கழற்றித்தான் ஊறவைக்க வேண்டும். மெக்கானிக் கூலி ஒவ்வொரு தடவையும் உண்டு. அவசரப்பட்டுக் கழிப்பறை ஆசிட்டை மட்டும் கீசரிலோ குழாயிலோ ஊற்றிவிடாதீர்கள். தொட்டியையும் குரோம் பூச்சையும் அரித்துவிடும். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

சாஃப்ட்னரைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உண்மையாகவே கடினத்தன்மையை எடுப்பது அதுதான். சிலிண்டருக்குள் ரெசின் என்ற குட்டி குட்டி மணிகள் இருக்கும். தண்ணீர் அதன் வழியே போகும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை ஓட்டி அலச வேண்டும். துளிச் சோதனையில் பூஜ்யம் காட்டும். சோப்பு பொங்கும், குளித்தால் உடம்பு வழவழவென்று இருக்கும், கீசரும் மெஷினும் பிழைக்கும். நல்ல சாதனம், சந்தேகமே இல்லை.

கேள்வி உப்பைப் பற்றியது. பிடித்த ஒவ்வொரு கிராம் கடினத்தன்மைக்கும் ஏறத்தாழ இரண்டு கிராமுக்குக் குறையாமல் உப்பு வேண்டும். நான்கு பேர் வீட்டில் நாள் ஒன்றுக்கு 500 லிட்டர் செலவு, எல்லாம் 700 கடினத்தன்மை என்றால் 350 கிராம் பிடிக்க வேண்டும். அதற்கு 700 கிராம் உப்பு. மாசத்துக்கு 21 கிலோ, கொஞ்சம் கூடினால் ஒரு மூட்டை. அந்த மூட்டை உப்பு முழுவதும் கால்சியத்தோடு சேர்ந்து உங்கள் சாக்கடைக்கோ, செப்டிக் டேங்கைத் தாண்டி உங்கள் போருக்கோ திரும்பப் போகிறது. தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் அந்தத் தண்ணீரை விட முடியாது. வீட்டில் வரும் தண்ணீரிலும் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் கூடியிருக்கும். குடிக்கவும் சமைக்கவும் அது வேண்டாம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் நிச்சயம் வேண்டாம். கழிப்பறை ஃபிளஷுக்கும் வாசல் தெளிக்கவும் சேர்த்து உப்புச் செலவழித்து மென்னீராக்குவது எனக்கு ஒப்பவில்லை.

வீடு முழுவதற்கும் வைக்காமல், கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் ஒரு பைப்பில் மட்டும் சிறிய சாஃப்ட்னர் வைத்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. நாளுக்கு 150 லிட்டர்தான். அதே 700 என்றாலும் மாசம் ஆறேழு கிலோ உப்பில் முடிந்துவிடும். போர் ஒன்றே கதி என்று இருக்கும் வீடுகளுக்கு, குறிப்பாக மேட்டூர் தண்ணீர் எட்டாத புது லேஅவுட்களுக்கு, நான் சொல்வது இதுதான்.

எங்களுக்கு மேட்டூர் தண்ணீர் இருந்தது. அதனால் நாங்கள் எடுத்தது தண்ணீரைப் பிரிக்கும் வழி. பிளம்பர் வந்து சம்பைப் பார்த்ததுமே, "ஏங்க, நல்ல தண்ணியையும் உப்புத் தண்ணியையும் ஒரே குழியில விட்டா எப்பிடிங்க?" என்றார். வேலை இரண்டு நாள். சம்பை வடித்துக் கழுவி, மேட்டூர் தண்ணீருக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். போர் மோட்டாரிலிருந்து சம்புக்கு வந்த பைப்பை வெட்டி, நேராகப் பழைய மேல் தொட்டிக்கு ஏற்றினோம். அதன் பக்கத்தில் அதே உயரத்துக்கு 1000 லிட்டர் தொட்டி ஒன்று புதிதாக வைத்து, சம்பு மோட்டாரை அதற்குக் கொடுத்தோம். புதுத் தொட்டியிலிருந்து வெளிச் சுவர் வழியாகவே ஒரு பைப் இறங்கி அடுப்படி, கீசர், வாஷிங் மெஷின் மூன்றுக்கும் போகிறது. டைல்ஸ் உடைக்கவில்லை. கழிப்பறை, வாசல், செடி, பாத்ரூம் பச்சைத் தண்ணீர் எல்லாம் போர். தொட்டி, பைப், கூலி சேர்த்து 19,000 ரூபாய் ஆனது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் பாத்ரூம் மிக்சர் குழாய். வெந்நீர் மேட்டூர், பச்சைத் தண்ணீர் போர் என்றால் இரண்டும் சந்திக்கும் இடம் அதுதான். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால், மிக்சர் வழியாகவே போர்த் தண்ணீர் வெந்நீர்ப் பைப்பில் ஏறிவிடும். அதற்காகத்தான் இரண்டு தொட்டியும் ஒரே உயரம். கீசருக்குப் போகும் பைப்பில், தண்ணீரைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டோம். கார்ப்பரேஷன் குழாயோடு போர்ப் பைப்பை எந்த இடத்திலும் நேரடியாக இணைக்கக் கூடாது. தெருக் குழாயில் அழுத்தம் இறங்கினால் நம் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் போகும்.

போதுமா என்ற பயம் எனக்கும் இருந்தது. அடுப்படிக்கு 60 லிட்டர், வெந்நீர் 60, வாஷிங் மெஷின் ஓடுகிற நாளில் 100. ஒரு நாளைக்கு 220. சம்பும் தொட்டியும் சேர்ந்தால் தாராளம். மெயின் பைப் உடைந்து தண்ணீர் வராத நாட்களுக்கு, இரண்டு தொட்டிக்கும் நடுவே மூடிய வால்வு ஒன்று இருக்கிறது. அதைத் திறக்கிற நாட்களில் கீசரைக் குறைவாகப் போடுகிறோம். கோடையில் மேட்டூர் தண்ணீருக்கே ஒன்றிரண்டு துளி கூடுகிறது. அப்போதும் 200தான்.

மழைத் தண்ணீரை இந்த வரிசையில் யாரும் சொல்வதில்லை. கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யமான தண்ணீர் அதுதான். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது எல்லா வீட்டிலும் குழி தோண்டினோம், பல வீட்டில் அது மண் மூடிக் கிடக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,300 லிட்டர் விழும். சிந்தியது சிதறியது போக 1,800 லிட்டராவது பிடிக்கலாம். முதல் பத்து நிமிஷத் தண்ணீரை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வழியாகச் சம்பில் சேர்த்தால் ஐப்பசி முழுவதும் மேட்டூர் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மிச்சத்தைப் போர் பக்கத்துக் குழியில் இறக்கினால், காலப்போக்கில் போரின் உப்பும் கொஞ்சம் தணிய வாய்ப்பு உண்டு. இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, ஆனால் பிரித்த சம்பு ஏற்கெனவே இருக்கும்போது கூடுதல் செலவு ஒரு பைப்பும் வடிகட்டியும்தான். ஸ்டீம் அயர்னுக்கு ஒரு கேன் பிடித்து வைக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரே ஊற்றுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பைப்பைப் பிரிப்பது தனி ஆளாக முடியாத காரியம். அசோசியேஷனில் பேசி, சம்பிலேயே பிரிப்பதுதான் மலிவு. அதுவரைக்கும் பாஸ்பேட் குப்பியும் எலுமிச்சை உப்பும். வாடகை வீட்டுக்கும் அதுவே. புது வீடு கட்டுகிறவர்கள், தயவுசெய்து சுவர் எழும்பும்போதே இரண்டு பைப்பாகப் போட்டுவிடுங்கள். அப்போது ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். பிறகு ஆகும் செலவு எனக்குத் தெரியும். முன்பக்கம் திறக்கும் மெஷினா, மேலே திறப்பதா என்று யோசிப்பவர்கள், போர்த் தண்ணீர்தான் என்றால் மேலே திறப்பதை எடுங்கள்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் கீசரை 70 டிகிரியில் வைக்க வேண்டியதில்லை. 50, 55 போதும். சூடு குறைந்தால் படிவதும் குறையும். வருஷத்துக்கு ஒரு தடவை அடி வால்வைத் திறந்து வடிக்கச் சொல்லுங்கள். உள்ளே மெக்னீசியத்தில் ஒரு கம்பி இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து கொடுப்பது. அது தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடலாம்.

கீசர் மூடியில் புதுக் காயில் போட்ட தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். ஒரு வருஷம் கழித்து அதே மெக்கானிக் வந்து திறந்தார். காயில்மேல் சாம்பல் பூசின மாதிரி மெல்லிய படலம் இருந்தது. அவர் கட்டைவிரலால் துடைத்தார், உலோகம் தெரிந்தது. அடியில் ஒரு டீஸ்பூன் மாவு. தேதிக்குக் கீழே புதுத் தேதியை எழுதிவிட்டு மூடினோம்.